இருநூறு கிராம்

டோக்கன் முப்பத்தொன்று. உள்ளே போயிருப்பது பத்தொன்பது. ஆளுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் இன்னும் அரை மணிக்கு மேல் இந்த பெஞ்சில்தான், அதற்குள் பாப்பா விழித்துப் பாலுக்கு அழுதால் என்ன செய்வது? கொடுத்துவிட்டுத் தராசில் போட்டால் எண்பது, நூறு கிராம் கூடக் காட்டும். அது ஏமாற்று. போன முறை இதே புதன்கிழமை, இதே சுகாதார நிலையம், வீட்டில் ஒன்பது மணிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன், ஒன்றரை மணி நேரம் கழித்து எடை போட்டார்கள். இன்றும் ஒன்பது மணிக்குத்தான் கொடுத்தேன். அதே மஞ்சள் சட்டைதான் போட்டிருக்கிறேன், கழற்றிவிட்டுத்தான் போடுவார்கள் என்று தெரிந்தும். காலையில் லோகு வாசலில் நின்று சிரித்தார், "இன்னா ஜீவிதா, கொழந்தைய ஸ்டேட் மீட்டுக்கு ரெடி பண்ற மாதிரி பண்ற." கட்டிக்கொண்ட நாளிலிருந்து இப்படித்தான், நான் பயப்படும்போது அவருக்குச் சிரிப்பு வரும். பயப்படாமல் என்ன செய்வது? போன முறை ஐந்து கிலோ நூறு. அதற்கு ஒரு மாதம் முன்னால் நான்கு கிலோ தொள்ளாயிரம். ஒரு மாதத்தில் இருநூறு கிராம். ஹெலன் சிஸ்டர் அட்டையில் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு கோடு இழுத்தபோது அது ஏறவே இல்லை, படுத்துக்கொண்டது. "அரைக் கிலோவாவது ஏறியிருக்கணும்மா. ரெண்டு வாரம் பாக்கலாம். கொறஞ்சது முந்நூறு ஏறலைன்னா டாக்டர்கிட்ட அனுப்பி, டின் பால் சேத்துக் குடுக்கச் சொல்லிடுவோம்." அந்த இரண்டு வாரம் இன்றோடு முடிகிறது. பாப்பா மடியில் வாயைத் திறந்தபடி தூங்குகிறாள். தூங்கட்டும்.

பக்கத்தில் இருப்பவள் என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பழக்கம்தான். பேருந்தில் கம்பியைப் பிடித்தால் நாலு பேர் பார்ப்பார்கள், கல்யாணத்தில் பந்தலே பார்த்தது, மேக்கப் போட வந்த பெண் ரவிக்கையில் கை நுழையவில்லை என்று இரண்டு பக்கமும் தையலைப் பிரித்தாள். "ஜிம்முக்குப் போவியா?" என்கிறாள். "பளு தூக்குறேன்கா." "இப்பவுமா?" "இப்பவும்தான்." நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன், முதுகு தானாக நிமிர்ந்துவிடுகிறது இந்தக் கேள்விக்கு. "பொண்ணு பேரு இன்னா?" "தியாழினி." "இன்னாது?" மறுபடியும் சொன்னேன். லோகு போனில் மூன்று நாள் தேடிப் பிடித்த பெயர், அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அந்த அக்கா தன் பிள்ளையை நிமிர்த்தி வைத்தாள். மூன்று மாதம்தானாம், மணிக்கட்டில் இரண்டு மடிப்பு. "எனக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் பால் வரவே இல்ல, பவுடர்தான் குடுக்கறேன். உனக்குப் பால் கீதா? பளு தூக்கினா வத்திப்போய்டும்னு சொல்வாங்களே." சும்மா கேட்டாள், மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. "கீதுக்கா," என்றேன். சொன்ன பிறகுதான் சுருக்கென்றது. டின் பாலில் வளர்வதும் பிள்ளைதான், அதில் எனக்கு இளக்காரம் கிடையாது, அவள் மடியில் இருப்பதைப் பார்த்தால் யாருக்கு வரும்? ஆனால் அவளுக்கு வரவில்லை. எனக்கு வந்தது. முதல் இரண்டு மாதம் நைட்டி நனைய வந்தது. வந்ததை நானே வற்ற வைத்தேனா என்பதுதான் பதினான்கு நாளாக எனக்குள் ஓடுகிறது. ஊரில் சொல்கிற மாதிரி பளு தூக்கியதால் இல்லை, என் கணக்கால்.

கணக்கில் நான் கெட்டிக்காரி என்றுதான் நினைத்திருந்தேன். பதினாலு வயதில் தயாளன் மாஸ்டர் சத்துவாச்சாரி பயிற்சிக் கூடத்தில் என்னைத் தராசில் ஏற்றிய நாளிலிருந்து என் உடம்பு எனக்கு ஒரு எண். எங்கள் மாஸ்டர் நல்லாயிருக்கியா என்று யாரையும் கேட்டதில்லை. "எவ்ளோ கீற?" என்பார். அறுபதரை மாஸ்டர் என்போம். போட்டிக்குப் பத்து நாள் முன்னால் வெட்டு ஆரம்பிக்கும், எடையை வெட்டுவதற்கு வெட்டு என்றுதான் பெயர். சோறு குறையும், உப்பு நிற்கும், கடைசி நாள் தண்ணீரும் நிற்கும், ஒரு முறை ஐம்பத்தொன்பது கிலோ பிரிவுக்கு நூறு கிராம் கூடுதலாக இருந்தபோது வாயில் புளிப்பு மிட்டாயைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் டம்ளரில் துப்பித் துப்பியே குறைத்தேன். சரியாக ஐம்பத்தொன்பது. அன்றைக்கு மேடையில் தொண்ணூற்றாறு கிலோ என் தலைக்கு மேலே நின்றது. கீழே யார் கத்தினார்கள், அம்மா வந்தாளா, ஒன்றும் தெரியாது, தூக்கியது செல்லும் என்று நடுவர்கள் போடுகிற மூன்று வெள்ளை விளக்கு மட்டும் தெரிந்தது. பசியைப் பற்றி யாராவது என்னிடம் பேசினால் சிரிப்பேன். பசி எனக்குச் சொந்தக்காரி மாதிரி, வருவாள், மூலையில் உட்காருவாள், போவாள். அந்தத் திமிர்தான் கண்ணை மறைத்தது. தராசில் எண் ஏறக்கூடாது, ஏறக்கூடாது என்று பத்து வருடம் வேண்டிக்கொண்டவள், இன்று ஏற வேண்டும், ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இருபத்திரண்டு போய்விட்டது. மின்விசிறி எங்கள் பக்கம் திரும்பவே மாட்டேன் என்கிறது.

பிரசவத்துக்குப் பிறகு எழுபது இருந்தேன். முதல் இரண்டு மாதம் பத்தியம், அதில் எண்ணுக்கு இடமில்லை, அத்தை எதைக் கொடுத்தாலும் வாயைத் திறந்தேன், சுறாப்புட்டு, பூண்டுக்குழம்பு, மிளகு போட்ட கோழிச்சாறு. என் மாமியார் கையில் ஒரு ருசி உண்டு, வாயிலும் உண்டு. பத்தாவது வாரம் தடுப்பூசி போட்டுக்கொண்டு திரும்பிய அன்று மாஸ்டர் போன் பண்ணினார். "எவ்ளோ கீற?" அறுபத்தொன்பது மாஸ்டர். "செலக்சன் ஆறு மாசத்துல. பாத்துக்கோ." அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலையே போனில் அந்தச் சாப்பாட்டு ஆப்பைத் திறந்தேன். இலக்கு, ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி, பழைய வெட்டுக் கணக்கு அப்படியே இருந்தது. நான் ஒன்றும் முட்டாள் இல்லை, தாய்ப்பால் கொடுப்பவளுக்கு ஐந்நூறு கூட வேண்டும் என்று படித்திருந்தேன், கூட்டினேன், இரண்டாயிரம் ஆக்கினேன். எவ்வளவு பெருமை எனக்கு! மற்றப் பெண்கள் குத்துமதிப்பாகச் சாப்பிடுகிறார்கள், நான் பார் எப்படிக் கணக்காக என்று. ஐந்நூறைக் கூட்டினேன் சரி, எதோடு கூட்டினேன்? போட்டிக்குப் பத்து நாள் முன்னால் ஒரு வீராங்கனை தின்கிற எண்ணோடு கூட்டினேன். அதுவே தப்பு. அதற்கு மேலே இன்னொரு தப்பு இருந்தது, அது தெரியவே நாலு வாரம் ஆனது.

பயிற்சி முகாமில் நாங்கள் நாலு பெண்கள் ஒரே அறையில் சமைத்துச் சாப்பிட்டோம். மாஸ்டர் சட்டம் ஒன்றே ஒன்று, பச்சையாக இருக்கும்போதே நிறுக்க வேண்டும், வெந்துவிட்டால் தண்ணீரும் சேர்ந்து பொய் சொல்லும். ஆளுக்கு இருநூறு கிராம் அரிசி, நாலு பேருக்கு எண்ணூறு, குக்கரில் போடுவோம். தட்டில் மலை மாதிரி விழும். ஆப்பில் ரைஸ் என்று போட்டு, பச்சை என்பதைத் தொட்டு, இருநூறு என்று அடித்தால் எழுநூறு கலோரி. விரலுக்கே பழக்கம். அத்தையிடம் தராசைக் கொடுத்து என்ன சொன்னேன்? "அத்தை, ரெண்டு வேளையும் எனக்கு அரிசி இருநூறு கிராம், கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்." நான் அறையில் பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பேன், நிறுத்துப் போட்ட தட்டு வந்துவிடும். இடது கையில் பிள்ளை, வலது கையில் சோறு, கண்ணில் தூக்கம். தட்டில் இரண்டு கரண்டி. தட்டைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். இந்த இடத்துக்கு வந்தால் மனம் மாட்டிக்கொள்கிறது, நகர மாட்டேன் என்கிறது. தட்டைப் பார்த்தாலே தெரிந்திருக்க வேண்டும். மலை எங்கே, இரண்டு கரண்டி எங்கே? பசித்தது. பசித்தபோது என்ன நினைத்தேன்? ஆகா, வெட்டு நன்றாக வேலை செய்கிறது என்று நினைத்தேன். எடை இறங்கிக்கொண்டே வந்தபோது கண்ணாடி முன்னால் நின்று தோளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பக்கம் பாப்பா அரை மணிக்கு ஒரு முறை அழுதாள், நாளைக்கு நாலு முறைதான் துணி நனைத்தாள், வெயில் என்றார் லோகு, நானும் வெயில்தான் என்றேன். வேலூரில் எதற்கும் வெயிலைச் சொல்லலாம்.

இருபத்தாறு. பாப்பா காலை நீட்டி மடக்கினாள், விழிக்கவில்லை. ஹெலன் சிஸ்டர் அந்தக் கோட்டை இழுத்த மறுநாள் மதியம், அழுது முடித்து, சமையலறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அத்தை மேடையில் தராசை வைத்து, அதன் மேல் தட்டை வைத்து, பானையிலிருந்து ஆவி பறக்கப் போட்டுக்கொண்டிருந்தார். இருநூற்று ஆறு காட்டியது. ஒரு பிடியை எடுத்துத் திரும்பப் பானையில் போட்டார். இருநூறு. சரியாக இருநூறு. "அத்தை, அது சோறு." "சோறுதான். பின்ன இன்னா?" "நான் அரிசின்னு சொன்னேன்." "அரிசியையாடி தின்னுவ?" என்று சிரித்தார் அத்தை. நான் சிரிக்கவில்லை. தமிழில் அரிசி வேறு, சோறு வேறு, தவழ்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆப்புக்கு இரண்டும் ரைஸ். அதோடு பேசிப் பேசி எனக்கும் இரண்டும் ஒன்றாகிவிட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு விரலை விட்டு எண்ணினேன். இருநூறு கிராம் சோறு இருநூற்று அறுபது கலோரி. நான் எழுதியது எழுநூறு. இரண்டு வேளைக்கு எண்ணூற்று எண்பது பொய். இரண்டாயிரம் என்று நினைத்து ஒரு நாளைக்கு ஆயிரத்து நூற்று இருபதில் பால் கொடுத்திருக்கிறேன், குந்தி எழுந்திருக்கிறேன், வெறும் கம்பியைத் தூக்கிப் பழகியிருக்கிறேன். அத்தைக்கு விளக்கிச் சொன்னபோது முகம் செத்துவிட்டது. "நீ கேட்ட மாதிரிதானேடி போட்டேன். ஒரு பருக்கை கூட ஆச்சின்னா நீ திட்டுவியேன்னு எடுத்து எடுத்துப் போட்டனே. பால் குடுக்கறவள பட்டினி போட்டுட்டேனா நானு?" என்று தராசைக் கவிழ்த்து வைத்தார். இல்லை அத்தை, உங்கள் மேல் ஒன்றும் இல்லை, நீங்கள் சரியாக நிறுத்தீர்கள், நான்தான் தப்பாகக் கேட்டேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு நூறு கிலோவை விடக் கனம். அன்று கேட்டேன்.

அப்புறம் ஆப்பைத் திறந்தேன். எடை குறைக்க என்று இருந்ததை அப்படியே இருக்க என்று மாற்றினேன். இரண்டாயிரத்து அறுநூறு என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் பழைய பயம் எழுந்தது, அறுபத்தாறு எழுபது ஆகும், எழுபது எண்பது ஆகும், தோள் கரையும், தேர்வு போகும். கட்டை விரல் அந்தப் பொத்தானுக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. அழுத்தினேன். அத்தைக்கு அன்றிலிருந்து பண்டிகைதான். நாலு இட்லி ஆறு ஆனது, காலை பதினொரு மணிக்கு நெய் விட்ட கேழ்வரகுக் களி, மதியம் மீன், நாலு மணிக்கு வேர்க்கடலை உருண்டை, தட்டில் சோறு முகாமில் விழுந்த மாதிரியே மலையாக. ஒரே ஒரு சண்டை, தண்ணீர். பிள்ளை பெற்றவள் நிறையத் தண்ணீர் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பது அத்தையின் பத்தியம். "சோத்துல நீ சொன்னத கேக்கறேன், தண்ணில நான் சொல்றத கேளு." கேட்கவில்லை. பாப்பா வாய் வைக்கும்போதெல்லாம் ஒரு சொம்பு குடித்தேன், கடைசியில் அத்தையே வெந்நீரில் சீரகம் போட்டுக் கொண்டுவந்து வைத்தார், தோற்றதாகக் காட்டிக்கொள்ளாமல். ஏழாம் நாள் வலது பக்கம் கொடுக்கும்போது இடது பக்கம் நனைந்தது. நனைந்த நைட்டியை மாற்றாமல் அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முந்தாநாள் மாஸ்டருக்கு நானே போன் பண்ணினேன். "எவ்ளோ கீற?" அறுபத்தேழு மாஸ்டர், ஐம்பத்தொன்பதுக்கு வெட்ட மாட்டேன், அறுபத்துநாலில் வருகிறேன், அதுவும் பாப்பாவுக்கு ஆறு மாதம் ஆன பிறகுதான் எடையை இறக்குவேன். "அறுபத்துநாலுல வெய்ட்டு கூடப் போடணும், தெரியும்ல?" என்றார். போடுகிறேன் என்றேன். யாரிடமும் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. லோகுவிடம் கூட அப்புறம்தான் சொன்னேன்.

இருபத்தொன்பது. பாப்பா விழித்துவிட்டாள். முதலில் உதட்டைச் சப்புவாள், பிறகு தலையைத் திருப்பி என் சட்டையைத் தேடுவாள், பிறகு ஊரைக் கூட்டுவாள். இன்னும் ஆறு நிமிடம். ஆறு நிமிடம் தாங்க மாட்டாளா? தோளில் போட்டுத் தட்டினால், வாசல் வரை நடந்தால்? ஒரு கை முஷ்டியை வாயில் திணித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். ஏய் ஜீவிதா, என்ன செய்துகொண்டிருக்கிறாய்? பசிக்கிறவளை எடை பார்க்கும் வரை பொறு என்கிறாயா? அது நீ செய்கிற வேலை, உனக்கு நீயே செய்துகொண்டது, அவள் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. துப்பட்டாவை இழுத்துக்கொண்டு கொடுத்தேன். கூடக் காட்டினால் காட்டட்டும், நூறு கிராம் கழித்துக்கொள்கிறேன். முந்நூறு வேண்டும் என்றார் சிஸ்டர், எனக்கு நானூறு வேண்டும். நானூறு இல்லையென்றால் ஏறியதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். குடிக்கிறாள். முன்பெல்லாம் நாலு இழுப்புக்கு ஒரு விழுங்கல், வாயை எடுத்து அழுவாள். இப்போது ஒரு இழுப்பு, ஒரு விழுங்கல், ஒரு இழுப்பு, ஒரு விழுங்கல், நெற்றியில் வேர்வை. இது வயிற்றுக்குப் போகிறது, எனக்குத் தெரிகிறது. இப்போது ஒரு நாளைக்கு ஏழு துணி நனைக்கிறாள், அதுவும் தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. தாமதமாகிவிட்டதா? அந்த நாலு வாரம் எங்கே போகும், மூளையில், எலும்பில் எங்கேயாவது குறையாக உட்கார்ந்திருக்குமா? பத்தாவது படிக்கும்போது கணக்கு வராமல் போனால் என்னால்தான் என்று நினைப்பேனா? "முப்பத்தொன்னு!" என்று குரல் வந்தது. பக்கத்து அக்கா துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டாள்.

சட்டையைக் கழற்றி, துணியை அவிழ்த்து, தராசுத் தட்டில் படுக்க வைத்தேன். தட்டு குளிர்ந்திருக்கும் போல, இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டாள், அழவில்லை. கையை எடு என்றார் சிஸ்டர். எடுத்தேன். சிவப்பு எண்கள் ஓடின, நான்கில் நின்ற மாதிரி இருந்தது, மறுபடி ஓடின, அவள் காலை உதைக்க உதைக்க எண் நிற்க மாட்டேன் என்றது. ஐந்து அறுநூற்று இருபது. இன்னொரு முறை பார்த்தேன். ஐந்து அறுநூற்று இருபது, நின்றுவிட்டது. ஐந்நூற்று இருபது ஏறியிருக்கிறாள், நூறு போனால் நானூற்று இருபது. நூறு போனாலும் நானூற்று இருபது! சிஸ்டர் அட்டையை எடுத்துப் புள்ளி வைத்து, அளவுகோல் இல்லாமல் கையாலேயே கோடு இழுத்தார், கோடு நேராக மேலே போனது. கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "ரெண்டு வாரத்துல அரைக் கிலோ. பரவால்லயே. எந்த டின்னு குடுத்த?"

"டின்னு இல்ல சிஸ்டர்."

"பின்ன?"

பாப்பாவைத் தூக்கித் தோளில் போட்டேன். நல்ல கனம்.

"நான் சாப்பிட்டேன்," என்றேன், வரிசையில் கடைசியில் நிற்பவளுக்கும் கேட்கட்டும் என்று.